சோபாவுக்குத் தகுந்த பாவம்

அந்தச் சபையில் ஒருவருடைய ஆத்துமா எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவருடைய வீட்டுக் கூடத்தைப் பார்ப்பார்கள். ஜெபம், நோன்பு, நன்னடத்தை என்று கண்ணுக்குத் தெரியாத சமாச்சாரங்களை வைத்துக்கொண்டு குழம்புகிற வழக்கம் அங்கே கிடையாது. ஆண்டுக்கு ஒருமுறை 'ஆவிக்குரிய நிலை அறியும் குழு' வீடு வீடாகப் போகும். கூடத்தின் நடுவில் நிற்கும். நாற்காலியைத் தட்டிப் பார்க்கும், திரைச்சீலையை விரலால் தடவிப் பார்க்கும். பிறகு கண்ணை மூடி ஜெபித்துவிட்டு, அந்த வீட்டுக்காரர் அடுத்த ஓராண்டுக்கு ஆலயத்தில் எந்த வரிசையில் உட்கார வேண்டும் என்று அறிவித்துவிட்டுப் போகும்.

வரிசைகளுக்குப் பெயர்கள் உண்டு. முன்னால் இருப்பது கனி வரிசை, மெத்தை வைத்தது. அதற்குப் பின்னால் பூ வரிசை, அதில் முதுகு சாய்க்கலாம். அப்புறம் இலை வரிசை. எல்லாவற்றுக்கும் கடைசியில், கதவை ஒட்டி, தெருத் தூசி நேராக வந்து விழுகிற இடத்தில், சாய்மானம் இல்லாத பெஞ்சுகள். அது விதை வரிசை. விதை என்றால் மட்டம் என்று அர்த்தமில்லை, இன்னும் முளைக்கவில்லை, அவ்வளவுதான் என்று தலைமை மூப்பர் அன்பாக விளக்குவார். அங்கே சில குடும்பங்கள் தாத்தா காலத்திலிருந்து முளைக்காமல் உட்கார்ந்திருந்தன.

தலைமை மூப்பருக்கு நகரத்தில் பல கட்டடங்கள் சொந்தம். ஆகவே அவருக்கு இறையியல் தெரியும். "ஏழையா இருக்கிறது பாவம்னு நான் ஒருநாளும் சொன்னதில்ல. அது ஒரு அறிகுறி. உடம்புல காய்ச்சல் வந்தா உள்ள எங்கயோ கோளாறுன்னு தெரியுதுல்ல, அந்த மாதிரி" என்று அவர் மேடையில் சொன்னபோது கனி வரிசை முழுவதும் தலையை ஆட்டியது. விதை வரிசையும் ஆட்டியது. கெட்டுப்போன பழக்கம்தான், என்ன செய்வது.

சோபாக்காரர் அந்த விதை வரிசையில் ஒருவர். பழைய சோபாக்களைப் பிரித்து, ஸ்பிரிங் மாற்றி, நுரை வைத்து, புதுத் துணி போட்டுத் தைத்துக் கொடுப்பது அவர் தொழில். கனி வரிசை மெத்தைகளைத் தைத்ததும் அவர்தான். தைத்து முடித்து, மேடு பள்ளம் இருக்கிறதா என்று உட்கார்ந்து பார்த்தபோது பெண்கள் சங்கத் தலைவி வந்து, "தம்பி, எழுந்திரிங்க, அழுக்காயிடும்" என்றார். தம்பிக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. எழுந்துவிட்டார்.

அவர் மனைவி படுத்த படுக்கையாகி மாதக்கணக்காகிறது. வயிற்றில் வந்த கட்டி. மருத்துவமனையில் பார்த்த வரைக்கும் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் அவர் ஆசைப்படுவதைக் கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அந்த அம்மாள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். திருவிருந்து. ஒரு துண்டு அப்பம், ஒரு வாய் திராட்சை ரசம், போதகர் கையால். கண்ணை மூடுவதற்கு முன்னால் அது கிடைத்தால் போதும் என்றாள்.

நோயாளிகளின் வீட்டுக்கே போய்த் திருவிருந்து கொடுக்கிற நல்ல ஏற்பாடு சபையில் இருக்கத்தான் இருந்தது. கனி வரிசைக்கு உடனே, பூ வரிசைக்கு அந்த வாரத்துக்குள், இலை வரிசைக்கு வசதிப்பட்டபோது. விதை வரிசைக்குக் காத்திருப்பதே ஆவிக்கு நல்லது என்பது விதி. சோபாக்காரர் ஒவ்வொரு ஞாயிறும் போதகர் முன்னால் போய்க் கைகட்டி நிற்பார். போதகர் அவர் தோளைத் தட்டி, "சகோதரிக்காக நான் பாரப்பட்டு ஜெபிச்சிட்டு இருக்கேன்" என்பார். அதைச் சொல்லும்போதே கண் வேறு யாரையோ தேடும். மனிதர் நல்லவர்தான், முதுகெலும்பு மட்டும் மூப்பர் வீட்டில் அடகில் இருந்தது.

மனைவியைத் தனியே விட்டுவிட்டுப் பட்டறைக்குப் போக முடியாததால், சோபாக்காரர் வேலையை வீட்டுக்கே கொண்டுவந்திருந்தார். அறைகலன் கடைக்காரர் வண்டியில் ஏற்றி அனுப்புவார், இவர் கூடத்தில் வைத்துத் தைப்பார், மனைவி உள்ளே முனகினால் ஊசியைப் போட்டுவிட்டு ஓடுவார். குழு வருகிற நாளன்று பார்த்து எல்லாமே தைத்து முடிந்திருந்தன. மூன்று பெரிய சோபாக்கள், கைப்பிடியில் சிங்கத்தலை செதுக்கிய இரண்டு நாற்காலிகள், கால் வைக்கிற முக்காலி ஒன்று. வருகிறவர்கள் குப்பையைப் பார்க்கக் கூடாது என்று மனைவி படுக்கையிலிருந்தே அதட்டியதால், அவர் பழைய துணியையும் நாரையும் வாரிக் கொட்டிவிட்டு, சுத்தியலையும் ஊசிப் பெட்டியையும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுக் குளித்தும் இருந்தார்.

குழு என்பது மூன்று பேர். தலைமை மூப்பர், போதகர், பெண்கள் சங்கத் தலைவி. வாசலில் கால் வைத்ததும் மூவரும் நின்றுவிட்டார்கள். தலைவி கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டுபோனவர், பாதி வழியில் நிறுத்தி, அதைக் கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தலைமை மூப்பர் நேராகப் போய் நடுவில் இருந்த பச்சை வெல்வெட் சோபாவில் உட்கார்ந்தார். சோபாக்காரருக்கு வியர்த்துவிட்டது. ஏனென்றால் அது மூப்பருடைய சோபா. வீட்டம்மாவுக்குச் சிவப்பு அலுத்துப்போய், பச்சை போடச் சொல்லிக் கடைக்கு அனுப்பியிருந்தார். ஆண்டுக்கணக்கில் தினமும் சாய்ந்து செய்தித்தாள் படித்த சோபாவை, துணி மாறியதும் மனிதருக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் மெல்லக் கையால் தடவினார், பின்னால் சாய்ந்தார், கண்ணை மூடினார்.

"என்ன ஒரு சமாதானம் பாஸ்டர். உக்காந்ததும் சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு. பரிசுத்தவான்கள் வீட்லதான் இந்த உணர்வு வரும்."

சோபாக்காரர், இவையெல்லாம் தன்னுடையவை இல்லை என்று சொன்னார். மூப்பருக்கு அது இன்னும் பிடித்துவிட்டது. இவ்வளவு இருந்தும் எதுவும் தனதில்லை என்கிற தாழ்மையை மற்றவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். இல்லை, பழுதுபார்க்க வந்தவை என்று சோபாக்காரர் விளக்கப் போவதற்குள் மூப்பர் ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார். ஜெபத்தின் நடுவே யாரும் பேசக் கூடாது. அது நீண்ட ஜெபம். நாற்காலியின் சிங்கத்தலைகூட அதில் தனியாக இடம்பெற்றது. ஆமென் சொல்லி முடித்த கையோடு, கடைசி வரிசையிலிருந்து நேராகக் கனி வரிசை என்று அறிவித்தார். சபை வரலாற்றில் இப்படி ஒரே தாவலாகத் தாவியவர் யாரும் இல்லையாம்.

அப்போது போதகர், ஏதோ நினைவு வந்தவர் போல, வீட்டில் சகோதரி சுகமில்லாமல் இருக்கிறார் அல்லவா என்றார். செவ்வாய்க்கிழமை காலை தானே திருவிருந்தோடு வருவதாகவும் சொன்னார். உள்ளறையிலிருந்து, வெகுநாளாகக் கேட்காத தெளிவான குரலில், "ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்று ஒரு சத்தம் வந்தது.

அதற்குப் பிறகு சோபாக்காரரால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. யாரால் முடியும்?

அவர்கள் போனபின் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் முகட்டைப் பார்த்துக்கொண்டு சற்று யோசித்தாள். "செவ்வாய்க்கிழமை வந்துட்டுப் போகட்டும். அப்புறமா சொல்லிக்கலாம். நான் இருக்க மாட்டேன், நீங்களே பட்டுக்குங்க" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவர் கடைக்காரரிடம் ஓடி, செவ்வாய் மதியம் வரை சரக்கை எடுக்காதீர்கள் என்று கெஞ்சினார். கடைக்காரர் வண்டி திங்கட்கிழமைக்குச் சொல்லியாகிவிட்டது, வாடிக்கையாளர் எல்லாம் பெரிய இடம் என்று கையை விரித்துவிட்டார்.

ஞாயிறன்று சோபாக்காரர் தான் தைத்த மெத்தையில் முதன்முறையாக உரிமையோடு உட்கார்ந்தார். ஒரு மூலையில் நுரை கொஞ்சம் இறங்கியிருந்தது, அது மட்டுமே மனதை உறுத்தியது. மற்றதெல்லாம் கனவில் நடப்பது போல நடந்தது. போன வாரம்வரை அவரைச் சுவரைப் போலக் கடந்து போனவர்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். தலைவி "அண்ணே" என்றார். வியாபாரம் படுத்துவிட்ட ஒரு துணிக்கடைக்காரர் அவர் கையை எடுத்துத் தன் தலையில் தானே வைத்துக்கொண்டு, ஜெபிக்கச் சொல்லி அழுதார். மேடைக்கு அழைத்துச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். சோபாக்காரர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டாவிட்டால் மேலே எவ்வளவு நல்ல துணி போட்டாலும் சோபா உட்கார்ந்துவிடும் என்றார். அவருக்குத் தெரிந்தது அதுதான். சபை அதிர்ந்து போய்க் கைதட்டியது. இத்தனை ஆழமான செய்தி அண்மையில் கேட்டதில்லை என்று போதகர் குறித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை வண்டி வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போயிற்று.

செவ்வாய்க்கிழமை போதகர் கருப்புத் தோல்பெட்டியோடு வந்தார். வெள்ளைத் துணியில் சுற்றிய அப்பமும் ரசமும் பாத்திரமும் அதற்குள் இருந்தன. கூடத்தில் கால் வைத்தவர் அப்படியே நின்றார். வெறுந்தரை. நடுவில் வேலைக்கான குட்டை ஸ்டூல், பசை வழிந்து காய்ந்தது. உள்ளே அந்த அம்மாள், கணவர் கையால் தலை வாரிக்கொண்டு, சலவைச் சேலை போர்த்திக்கொண்டு காத்திருந்தாள்.

"ரெண்டு நாளைக்குள்ள இப்படியா?" என்றார் போதகர். கதவைத் தாண்டி உள்ளே பார்க்கவில்லை. ஒருவருடைய ஆவிக்குரிய நிலையில் இத்தனை பெரிய வீழ்ச்சி நடந்திருக்கும்போது, குழுவைக் கேட்காமல் திருவிருந்து கொடுக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார். பெட்டியைத் திறக்காமலே திரும்பிப் போனார். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றியிருக்கவில்லை.

மறுநாளே குழு ஆலயத்தின் பக்க அறையில் கூடியது. அதில் சோபாக்காரர், போனால் போகட்டும் என்று, நடந்ததையெல்லாம் மனம்விட்டுச் சொல்லிவிட்டார். அவை பழுதுக்கு வந்த சரக்கு, தனக்குச் சொந்தமில்லை, பச்சை சோபா இப்போது மூப்பர் ஐயா வீட்டிலேயே இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு தலைமை மூப்பர் பொறுமையாக விளக்கினார். குழு ஜெபித்துவிட்டுத்தான் அந்த வீட்டுக்குள் போனது. ஜெபித்துப் பார்த்த குழு தவறாகப் பார்த்திருக்க முடியாது. ஆகவே அவை சோபாக்காரருடைய சொத்துதான். இப்போது இல்லை என்றால் இழந்துவிட்டார் என்று பொருள். அவற்றில் ஒன்று தன் வீட்டுக்கு வந்து சேர்ந்திருப்பதைப் பற்றி அவருக்கு வியப்பு ஏதும் இல்லை. "ஒருத்தன்கிட்ட இருந்து எடுத்துத் தகுதியுள்ளவன் கையில கொடுக்கிறது ஆண்டவருக்குப் புதுசா என்ன? நான் அதுக்காகத் தனியா ஸ்தோத்திரக் காணிக்கை போடுறேன், சரியா?" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் நிஜமாகவே நன்றி பொங்கியது.

ஆக, சொத்து போனதற்குக் காரணமான பாவம் எது என்பது மட்டும்தான் மிச்சமிருந்த கேள்வி. அதை அறிக்கையிட்டால், இரக்கத்தின் பேரில் சகோதரிக்குத் திருவிருந்து கொடுக்கக் குழு தயார்.

சோபாக்காரர் மனைவியை நினைத்துக்கொண்டார். அவளுக்கு அதிக நாள் இல்லை. பாவத்தைத் தேட ஆரம்பித்தார். இளவயதில் ஒருமுறை புது நாருக்குப் பதில் பழைய நாரை வைத்துத் தைத்தேன் என்றார். குழு உதட்டைப் பிதுக்கியது. அப்பாவை எதிர்த்துப் பேசினேன். போதாது. ஆராதனையில் பலமுறை தூங்கியிருக்கிறேன். போதகர் முகம் சுண்டியது, ஆனாலும் போதாது. ஒரு முக்காலி போயிருந்தால் இது சரி, மூன்று சோபா போகிற அளவுக்கு இதில் கனம் இல்லை என்று தலைவி கருதினார். சிங்கத்தலை நாற்காலிகளை வேறு கணக்கில் எடுக்க வேண்டியிருந்தது. திருட்டு உண்டா என்றார்கள். இல்லை. கொலை கேட்கவில்லை, அந்த மட்டும் நன்றி. களைத்துப்போன மூப்பர் கடைசியில் தானே வழி காட்டினார்.

"ஒரு பொம்பளை விஷயம் இருந்தா ரொம்பப் பொருத்தமா இருக்கும். யோசிச்சுப் பாருங்க. அவசரம் இல்ல."

அவசரம் இருந்தது. சோபாக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, சரி, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். மூவர் முகத்திலும் வெளிச்சம் வந்தது. அன்று முழுவதும் அவர்கள் இத்தனை ஆர்வமாக ஒருவர் பேச்சைக் கேட்கவில்லை. யார் அவள், எத்தனை காலமாக என்று தலைவி கேட்டுக்கொண்டே போனார். சோபாக்காரருக்குக் கற்பனை போதவில்லை. விவரங்களைக் குழுவே இட்டு நிரப்பிக்கொண்டது.

ஞாயிறன்று மேடையில் நின்று, நோயாளி மனைவியை வைத்துக்கொண்டு வேறொரு பெண்ணிடம் போனதாக அவர் சபை முன்னால் சொன்னார். கனி வரிசை மெத்தையில் சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்து கேட்டது. போன வாரம் அவர் கையைத் தன் தலையில் வைத்துக்கொண்ட துணிக்கடைக்காரர், அந்தத் தலையை இப்போது கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். விதை வரிசையிலும் உட்காரத் தகுதியில்லை என்பதால், இனி வாசற்படியில் நின்று ஆராதிக்கும்படி தீர்ப்பாயிற்று.

அவர் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டம்மா கட்டிலருகில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார், இவரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியேறினார். மனைவி அவரையே பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, பாவம் போதாமல் போன கதையை முதலிலிருந்து சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வலியோடு சேர்ந்து வந்த சிரிப்பு, வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு முக்காலியைத் தூக்கினா முதுகு பிடிச்சுக்குது. நீங்க போனீங்களாக்கும்" என்றாள். பிறகு சிரிப்பு நின்றது. "எனக்காகவா அங்க நின்னு அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டாள். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு வெகுநேரம் அழுதாள்.

மறுநாள் காலை மூவரும் வந்தார்கள். இந்த முறை கூடத்தைத் தாண்டி உள்ளறைக்கே வந்தார்கள். நோயின் வாடை தாங்காமல் தலைவி கைக்குட்டையை மூக்கில் வைத்தார், இப்போது அதைப் பாதி வழியில் நிறுத்தவில்லை. மூப்பர் ஜன்னலோரம் நின்றுகொண்டார். திருவிருந்தை ஒழுங்காக நடத்த எங்காவது உட்கார வேண்டுமே என்று போதகர் பெட்டியும் கையுமாக அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கூடத்தை எட்டிப் பார்த்தார். பசை ஸ்டூலையும் தன் வெள்ளை அங்கியையும் மாறி மாறிப் பார்த்து, அந்த எண்ணத்தைக் கைவிட்டார். அந்த அம்மாள் தலையணையில் சாய்ந்தபடி அவர் கண் போகிற இடமெல்லாம் தானும் பார்த்துக்கொண்டு வந்தாள். அவர் கண் அவள் முகத்துக்கு மட்டும் வரவில்லை.

கடைசியில் நின்றபடியே பாத்திரத்தில் ரசத்தை ஊற்றினார். ஜெபித்தார். பாத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு குனிந்தவரை, மூப்பர் தொண்டையைக் கனைத்து நிறுத்தினார்.

"ஆ, ஆமா" என்றார் போதகர். "சகோதரி, உங்க கணவர் உங்களுக்குச் செஞ்ச துரோகத்தை மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. சொன்னதும் வாங்கிக்கலாம்."

பாத்திரம் அவள் உதட்டுக்கு வெகு பக்கத்தில் இருந்தது. ரசத்தின் வாசனை அவளுக்கு எட்டியிருக்கும். எத்தனை மாத ஏக்கம் அது. சோபாக்காரர் அவள் காலடியில் நின்று, சொல்லிவிடு, சொல்லிவிடு என்று கண்ணாலேயே கெஞ்சினார். அவருக்கு ஒன்றும் ஆகாது, மானம்தான் ஏற்கெனவே போய்விட்டதே.

அவள் வாயை இறுக்க மூடிக்கொண்டாள். பாத்திரத்தை ஒரு விரலால் தள்ளினாள்.

"தலை சாய்க்க இடமில்லாம அலைஞ்ச ஆண்டவரோட பாத்திரம் இது" என்றாள். மூச்சு வாங்கியது, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். "இதைக் கையில வச்சுக்கிட்டு உக்கார இடம் தேடுறீங்க பாஸ்டர். இந்த மனுஷன் செய்யாத பாவத்தை நான் எப்படி மன்னிக்கிறது? நீங்க மூணு பேரும் செஞ்சது ஒண்ணு இருக்கு. அதை வேணும்னா மன்னிக்கட்டுமா?"

பிறகு மூப்பர், குழுவின் மதிப்பீடு எவ்வளவு சரியாக இருந்தது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டுமா என்று தலைவியிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். தலைவி கைக்குட்டைக்குள்ளிருந்து ஆமோதித்தார்.

போதகருக்கு வேறு கவலை. ஊற்றிய ரசத்தைக் குப்பிக்குள் திருப்பி ஊற்றக் கூடாது, கீழே கொட்டவும் கூடாது, யாராவது குடித்தாக வேண்டும் என்பது விதி. அவர் மூப்பரைப் பார்த்தார். மூப்பர் தலையசைத்தார். போதகர் அறையின் நடுவில் நின்றபடியே அதைக் குடித்தார். கொஞ்சம் அங்கியில் சிந்திவிட்டது. அந்த அம்மாளுக்கென்று பிட்டு வைத்திருந்த அப்பத்தையும் வாயில் போட்டு மென்றார். உலர்ந்துபோயிருந்ததோ என்னவோ, விழுங்கச் சிரமப்பட்டார்.

அவர் விழுங்கி முடிக்கிறவரை அவள் இமைக்காமல் பார்த்தாள். பிறகு கணவனைக் கூப்பிட்டு, அவர்களுக்கு வழியைக் காட்டிவிட்டு வந்து தன் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.